வணிகச் செயல்முறையை வரைய எந்த மென்பொருள்? புதியவர்களுக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

அலுவலகத்தின் நடைமுறைகளை வரைபடமாக ஆவணப்படுத்தும் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும்போது, பெரும்பாலானோர் உடனே செய்வது இணையத்தில் ஒரு மென்பொருளைத் தேடுவதுதான். தேடத் தொடங்கியதும் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றும் தன்னிடம் எத்தனை வடிவங்கள், எத்தனை வார்ப்புருக்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கை காட்டும். அந்த எண்ணிக்கையை வைத்து நல்ல கருவியைத் தேர்ந்தெடுத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் கழித்து நடைமுறை மாறியிருக்கும்போது, முதலில் வரைந்தவர் வேறு பிரிவுக்குப் போயிருக்க, இன்னொருவர் அந்தக் கோப்பைத் திறந்து திருத்த முயல்வார். கருவியின் தரம் அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே விளம்பரப் பட்டியல்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, உங்கள் அலுவலகத்தின் உண்மையான செயல்முறை ஒன்றையே இரண்டு மூன்று கருவிகளில் வரைந்து ஒப்பிடும் முறையை இங்கே சொல்கிறேன். இதற்கு ஒரு முழு வேலைநாள் போதும்.

முதல் படி: காகிதத்தில் எழுதுங்கள்

எந்த மென்பொருளையும் பதிவிறக்கும் முன், ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து அதைச் சாதாரண வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள். மிக எளிதான ஒன்றை எடுத்தால் எல்லாக் கருவிகளும் நன்றாகவே தோன்றும். மிகப் பெரியதை எடுத்தால் நாள் முழுவதும் ஒன்றிலேயே கழிந்துவிடும். என் அனுபவத்தில், ஓரளவு பெரிய நிறுவனம் எதிலும் இருக்கும் கொள்முதல் நடைமுறை இந்தச் சோதனைக்கு மிகவும் ஏற்றது.

அது ஏறக்குறைய இப்படி இருக்கும். பண்டகசாலையில் இருப்பு குறைந்ததும், அங்குள்ளவர் இன்டென்ட் என்று வழங்கும் கோரிக்கைச் சீட்டை எழுதிக் கொள்முதல் பிரிவுக்கு அனுப்புகிறார். அப்பிரிவு மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி கேட்டு, வந்தவற்றை ஒப்பிடுகிறது. தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் மேலாளரின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் நேரடியாகவே கொள்முதல் ஆணை போகிறது. ஏழு நாட்களுக்குள் சரக்கு வராவிட்டால் நினைவூட்டல் அனுப்பப்படுகிறது. சரக்கு பண்டகசாலைக்கும், அதற்குரிய பில் கணக்குப் பிரிவுக்கும் தனித்தனியே வந்து சேர்கின்றன. ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போன பிறகே பணம் செலுத்தப்படுகிறது.

இந்தச் சிறிய கதைக்குள் நான்கு பங்கேற்பாளர்கள், நிபந்தனையால் பிரியும் வழி ஒன்று, காலக்கெடு ஒன்று, ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகள், நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவருடனான தகவல் பரிமாற்றம் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்களும் பெரும்பாலும் இவைதாம். உங்கள் செயல்முறை வேறாக இருந்தாலும், அதில் இவை ஒவ்வொன்றும் ஒருமுறையாவது வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வேண்டியது படமா, மாதிரியா?

இந்தத் துறையில் புதியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது. இது தெளிவானால் பாதித் தேர்வு முடிந்துவிடும். வரைபடக் கருவிகளில் ஒரு வகை, வெறும் வடிவங்களையும் கோடுகளையும் மட்டும் அறிந்தது. நீங்கள் ஒரு சாய்சதுரம் வரைந்தால் அதற்கு அது சாய்சதுரம் மட்டுமே. அங்கே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு வகை, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்பதை அறிந்து, அந்தப் பொருளோடு அதைக் கோப்பில் சேமித்து வைக்கிறது. முன்னது தருவது படம். பின்னது தருவது மாதிரி. மாதிரியில் உள்ள பிழைகளைக் கருவியே சுட்டிக்காட்ட முடியும், அதை வேறொரு கருவியில் திறக்க முடியும், தேவைப்பட்டால் அதையே கணினியில் ஓடவும் விட முடியும்.

வேலைகளைக் குறியீடுகளால் வரையும் பழக்கம் பழையது. பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இலேயே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறை விளக்கப்படங்களைப் பற்றிக் கட்டுரை அளித்தனர். இன்று மாதிரிகளுக்குப் பொதுமொழியாக விளங்கும் பிபிஎம்என் (BPMN) என்ற வணிகச் செயல்முறைக் குறியீட்டு முறையின் முதல் பதிப்பு 2004-இல் வந்தது. அதை வடிவமைத்த அமைப்பு அடுத்த ஆண்டு, கணினித் தரங்களை வகுக்கும் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்புடன் இணைந்தது. இரண்டாம் பதிப்பு 2011-இல் வெளியாகி, 2013-இல் ஐஎஸ்ஓ 19510 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இரண்டாம் பதிப்பு நமக்கு முக்கியமானதற்குக் காரணம், குறியீடுகளோடு சேர்த்து அவற்றைச் சேமிக்கும் பொதுவான எக்ஸ்எம்எல் கோப்பு வடிவத்தையும் அது வகுத்துத் தந்ததுதான்.

பிபிஎம்என்னில் குறியீடுகள் மிகப் பல. ஆனால் தொடக்கத்தில் பத்துக்கும் குறைவானவையே போதும். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு, இரட்டைக் கோட்டு வட்டம் இடையில் நிகழ்வது. மூலைகள் வளைந்த செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் கேட்வே எனப்படுகிறது: உள்ளே பெருக்கல் குறி இருந்தால் ஏதேனும் ஒரு வழி மட்டும், கூட்டல் குறி இருந்தால் எல்லா வழிகளும் ஒருசேர. ஒரு நிறுவனத்தை பூல் என்ற பெரிய பெட்டியாகவும், அதற்குள் உள்ள பிரிவுகளை லேன் என்ற பட்டைகளாகவும் வரைகிறோம். வேலையின் வரிசையைக் காட்டும் தொடர்கோடு ஒரு பூலைத் தாண்டி இன்னொன்றுக்குள் போகக் கூடாது. பூல்களுக்கு இடையே செல்வது செய்தி என்பதால் அது இடைவிட்ட கோடாகவே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நன்றாக நினைவில் வையுங்கள். சோதனையின்போது மிகவும் பயன்படும்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வரைபடத்தை யார் படிக்கப் போகிறார்கள்? புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு விளக்கவும் தணிக்கையாளரிடம் காட்டவும் மட்டுமே என்றால் படமே போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். நடைமுறையைப் பின்னர் மென்பொருளாக்கும் திட்டமோ, ஐம்பது அறுபது செயல்முறைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பராமரிக்கும் எண்ணமோ இருந்தால், தொடக்கத்திலேயே மாதிரிக் கருவிக்குப் போய்விடுங்கள். படங்களாக வரைந்து குவித்த பிறகு அவற்றை மாதிரிகளாக மாற்ற விரும்பினால், பெரும்பாலும் ஒவ்வொன்றையும் மறுபடியும் வரைய வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: மூன்று கருவிகளாகச் சுருக்குங்கள்

படக் கருவிகளில் நான் முதலில் பரிந்துரைப்பது டிரா ஐஓ. கணக்குத் தொடங்காமலே உலாவியில் திறந்து வரையலாம். இணையம் இல்லாமல் இயங்கும் மேசைக்கணினிப் பதிப்பும் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பை உங்கள் கணினியிலோ, கூகுள் டிரைவிலோ, ஒன்டிரைவிலோ நீங்களே தேர்ந்த இடத்தில் வைக்கலாம் என்பது அலுவலக ரகசியங்களைக் கையாள்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். படத்தை பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது வரைபடத்தின் தரவையும் அதற்குள்ளேயே பொதிந்து வைக்கும் வசதி உண்டு. பின்னர் அந்தப் படத்தையே திறந்து திருத்தலாம். மூலக்கோப்பு தொலைந்துபோய்ப் படம் மட்டும் எஞ்சியிருக்கும் அவலம் எத்தனை அலுவலகங்களில் நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும். பிபிஎம்என் வடிவங்கள் இதில் உள்ளன. ஆனால் அவை வடிவங்கள் மட்டுமே, விதிகளைக் கருவி காவல் செய்வதில்லை.

விசியோ 1992-இல் வந்து, 2000-இல் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குச் சென்ற மூத்த கருவி. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தும் நிறுவனத்தில் இதைச் சோதிப்பது இயல்பு. ஆனால் விசியோ என்ற ஒரே பெயரில் பல நிலைகள் இருப்பதைக் கவனியுங்கள். உலாவியில் இயங்கும் எளிய பதிப்பு வேறு, கணினியில் நிறுவும் முழுப் பதிப்பு வேறு. முழுப் பதிப்பு விண்டோஸில் மட்டுமே இயங்கும். வரைந்ததில் விதிமீறல் உண்டா என்று பார்க்கும் சரிபார்ப்பு உயர்நிலைப் பதிப்புகளில்தான் இருக்கிறது. அந்த நிலையில் மிகப் பயனுள்ள ஒன்று, எக்ஸெல் அட்டவணையில் படி எண், விளக்கம், அடுத்த படியின் எண், பொறுப்புள்ள பிரிவு என்று நிரப்பிக் கொடுத்தால் அதிலிருந்து வரைபடத்தை உருவாக்கித் தரும் வசதி. வரையத் தயங்குபவர்களிடமிருந்து தகவல் திரட்ட இது நல்ல வழி.

மாதிரிக் கருவிகளில் தொடக்கத்துக்கு இரண்டைப் பாருங்கள். ஒன்று கமுண்டா மாடலர். பெர்லினைச் சேர்ந்த நிறுவனம் வெளியிடும் இந்தத் திறமூலக் கருவி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இதன் அடித்தளமான பிபிஎம்என் ஐஓ என்ற வரைபொறியை நிறுவாமலே உலாவியில் முயன்று பார்க்கலாம். இதன் சொந்தக் கோப்பு வடிவமே பிபிஎம்என் எக்ஸ்எம்எல் என்பதால், கோப்பு எந்த நிறுவனத்தின் பூட்டுக்குள்ளும் அடைபடுவதில்லை. வலப்பக்கத்தில் உள்ள பண்புப் பலகை நிரலாளர்களுக்கானது. அதைக் கண்டு புதியவர்கள் மிரள வேண்டாம், மூடிவைத்துவிட்டு வரையலாம்.

மற்றொன்று பிசாகி மாடலர். கொலம்பியாவில் தோன்றிய நிறுவனத்தின் இந்தக் கருவி விண்டோஸுக்கானது. வரைந்த மாதிரியிலிருந்து வேர்டு, பிடிஎஃப் ஆவணங்களைத் தானே தொகுத்துத் தருகிறது. ஒவ்வொரு பணிக்கும் விளக்கம் எழுதிவைத்தால் நடைமுறைக் கையேடே கிடைத்துவிடும். பணிக்கு ஆகும் நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கொடுத்துப் போலியாக ஓடவிட்டு, வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் வசதியும் உண்டு. கோப்பு அதன் சொந்த வடிவத்தில் சேமிக்கப்படுவதால், பிபிஎம்என் எக்ஸ்எம்எல்லாகவும் ஒரு பிரதியை ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லூசிட்சார்ட் பலர் சேர்ந்து வரைவதற்கு மிக வசதியானது. இலவசத் திட்டத்தில் ஆவணங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மிரோ, கூட்டத்தில் எல்லோரும் சீட்டு ஒட்டிப் பேசுவதற்கான வெண்பலகை; இறுதி ஆவணத்துக்கு உரியதன்று. எழுத்துகளால் எழுதினால் படமாக்கித் தரும் மெர்மெய்ட், நிரலாளர்கள் நிறைந்த குழுவுக்குப் பொருந்தும். ஏரிஸும், 2021-இல் எஸ்ஏபி நிறுவனத்தின் வசம் வந்த சிக்னாவியோவும் நூற்றுக்கணக்கான செயல்முறைகளைக் களஞ்சியமாகப் பேணும் பெருநிறுவனங்களுக்கானவை; முதல் வரைபடத்துக்காக அவற்றின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை.

நான்காம் படி: ஒரே செயல்முறை, ஒரே நேர அளவு

தேர்ந்த மூன்று கருவிகளிலும் காகிதத்தில் எழுதிய அதே கொள்முதல் நடைமுறையை வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் அரை மணி நேரம் பழகுவதற்கு, பின்னர் ஒரு மணி நேரம் வரைவதற்கு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். வரையும்போது எங்கே தடுமாறினீர்கள் என்பதை உடனுக்குடன் குறித்துவையுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதினால், கடைசியாகப் பயன்படுத்திய கருவியே சிறந்ததாகத் தோன்றும்.

முதல் சோதனை, நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விதி. கொள்முதல் பிரிவின் பணியிலிருந்து விற்பனையாளரின் பூலுக்குள் உள்ள பணிக்கு ஒரு கோடு இழுங்கள். டிரா ஐஓவில் நீங்கள் எந்தக் கோட்டை எடுத்தீர்களோ அது அப்படியே விழும். தொடர்கோடாக இருந்தால் தவறு தவறாகவே நிற்கும். பிபிஎம்என் ஐஓவில் அதே இழுப்பு தானாகவே இடைவிட்ட கோடாக, அதாவது செய்தியாக மாறிவிடும். படத்துக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு ஐந்து நொடியில் கண்ணுக்குத் தெரியும் இடம் இது.

இரண்டாம் சோதனை, ஏழு நாள் காலக்கெடு. சரக்குக்குக் காத்திருக்கும் பணியின் விளிம்பில் கடிகார நிகழ்வு ஒன்றை, அதாவது உள்ளே கடிகாரம் வரைந்த இரட்டைக் கோட்டு வட்டத்தை, ஒட்டுங்கள். பிறகு அந்தப் பணியை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். கடிகாரமும் கூடவே வருகிறதா, இல்லை பழைய இடத்திலேயே அநாதையாக நிற்கிறதா? மாதிரிக் கருவி அதைப் பணியின் அங்கமாக அறிந்திருப்பதால் சேர்த்தே நகர்த்தும். படக் கருவியில் இரண்டையும் நீங்களே குழுவாகக் கட்டிவைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் சோதனைதான் எனக்கு மிகவும் முக்கியமானது. முழுவதும் வரைந்து முடித்த பிறகு, நடைமுறையை மாற்றுங்கள். விலைப்புள்ளிகளை ஒப்பிட்டதற்கும் ஒப்புதலுக்கும் இடையே ‘தரக்கட்டுப்பாட்டின் கருத்தைக் கேள்’ என்று ஒரு பணியைச் செருகி, அதற்கெனப் புதிய லேன் ஒன்றையும் நடுவில் சேருங்கள். கோடுகள் தாமாக வழிவிடுகின்றனவா, கீழே உள்ள லேன்கள் தம் பணிகளோடு சேர்ந்து இறங்குகின்றனவா, ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த எத்தனை நிமிடம் பிடித்தது என்று கணக்கிடுங்கள். முதல்முறை வரைவது ஒரு நாள் வேலை. திருத்துவதோ அந்த வரைபடம் வாழும் காலம் முழுவதும் தொடரும் வேலை.

நான்காவது, தமிழ். பணிப் பெயர்களைத் தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. கட்டாயம் ஒருங்குறி எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துரு முறைகளில் தட்டியது வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னால் வரும். தமிழிலோ ‘விலைப்புள்ளிகளை ஒப்பிடு’, ‘விலைப்புள்ளிகளை அனுப்பு’ என்று வினை கடைசியில்தான் வரும். பெட்டி சிறிதாக இருந்து இரண்டாம் வரி வெளியே வழிந்தாலோ மறைந்தாலோ, எஞ்சியிருக்கும் இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே பெட்டியை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்க முடிகிறதா, நீண்ட சொல் எங்கே உடைகிறது என்று பாருங்கள். பின்னர் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, அதைக் கைப்பேசியில் திறந்து, ஒகர ஓகார, கொம்புக் குறிகள் இடம் மாறாமல் இருக்கின்றனவா, ஒரு சொல்லைத் தேடினால் அகப்படுகிறதா என்று சோதியுங்கள்.

பெயரிடுவதிலும் ஒரு ஒழுங்கை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பணிகளை ‘கோரிக்கையைச் சரிபார்’ என்று ஏவலாகவும், நிகழ்வுகளை ‘சரக்கு வந்தது’ என்று நடந்ததாகவும், பிரியும் இடங்களை ‘தொகை 50,000-க்கு மேலா?’ என்று கேள்வியாகவும் எழுதினால், குறியீடுகளைக் கற்காதவர்களும் தடையின்றிப் படிப்பார்கள்.

ஐந்தாம் படி: கோப்பை வெளியே எடுத்துப் பாருங்கள்

ஒரு கருவியில் சேமித்ததை இன்னொரு கருவியில் திறந்து பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பல ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்கள் அனைத்தும் சந்தா முடிந்துபோன ஒரு கருவியின் சொந்த வடிவத்தில் இருந்தன. படங்களைப் பார்க்க முடிந்தது, திருத்த முடியவில்லை. ஒரு சிறு மாற்றத்துக்காக ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தோம்; அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பிசாகியிலிருந்து பிபிஎம்என் எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்து கமுண்டா மாடலரில் திறந்து, லேன்களும் கடிகாரமும் இடைவிட்ட கோடுகளும் அப்படியே வந்தனவா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். அந்தக் கோப்புக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. எது எதற்குப் பின் நடக்கிறது என்ற பொருள் ஒரு பகுதியில் இருக்கும். எந்த வடிவம் தாளில் எங்கே நிற்கிறது என்ற இருப்பிடக் கணக்கு மற்றொன்றில் இருக்கும். இரண்டாம் பகுதியை எழுதாத மென்பொருளிலிருந்து வரும் கோப்பில் செயல்முறை முழுதாக இருந்தும், காட்டுவதற்கு வரைபடம் இல்லை என்றே பதில் வரும். கோப்புப் பரிமாற்றத்தைச் சோதிப்பதற்கென்றே ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்பில் ஒரு பணிக்குழு இயங்குகிறது. தரம் ஒன்றாக இருந்தும் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்பதையே அது காட்டுகிறது.

ஆறாம் படி: செலவைக் கணக்கிட்டு முடிவெடுங்கள்

விலையைப் பார்க்கும்போது, வரைபவர்கள் எத்தனை பேர், படிப்பவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் படிக்கும் வரைபடத்தை இருவரே வரைவார்கள்; அந்த இருவருக்கு மட்டும் உரிமம் வாங்கி, மற்றவர்களுக்கு பிடிஎஃப் கொடுத்தால் போதும். இலவசத் திட்டங்களின் வரம்புகள் மாறிக்கொண்டே இருப்பவை. முடிவெடுக்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தையே பாருங்கள். வரைபடம் மேகக்கணியில் சேமிக்கப்படுமானால், ஒப்புதல் வரம்புத் தொகை, விற்பனையாளர் பெயர் போன்றவை வெளியே வைக்கத் தக்கவைதாமா என்று உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பை வெளிப்படையாகச் சொல்வதானால், பத்துப் பதினைந்து நடைமுறைகளை மட்டும் ஆவணப்படுத்தும் சிறு நிறுவனத்துக்கு டிரா ஐஓ போதும். கையேட்டையும் சேர்த்தே உருவாக்க விரும்புபவர்களுக்கு பிசாகி ஏற்றது. பின்னாளில் கணினிமயமாக்கும் வாய்ப்பு கொஞ்சமேனும் இருந்தால் கமுண்டா மாடலரில் தொடங்குங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும், இரண்டாம் வாரத்தில் கை பழகிவிடும். விசியோ ஏற்கெனவே நிறுவனத்தில் இருந்து, பலருக்கும் அது தெரியும் என்றால், அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன்; பழகிய கையின் வேகத்தை எந்தப் புதிய வசதியும் எளிதில் ஈடுசெய்யாது.

ஏழாம் படி: முதல் வரைபடத்தை வெளியிடுதல்

தேர்ந்த கருவியில் வரைந்த இறுதி வடிவத்தின் மூலையில் செயல்முறையின் பெயர், அதற்குப் பொறுப்பான பதவி, பதிப்பு எண், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ஆளின் பெயருக்குப் பதிலாகப் பதவியை எழுதுவது நல்லது, ஆட்கள் மாறுவார்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் பிடிஎஃப்பையும் ஒரே கோப்புறையில், ஒரே பெயரில் வையுங்கள். ஏ4 தாளில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்தால், தாளைப் பெரிதாக்காமல் செயல்முறையை இரண்டு வரைபடங்களாகப் பிரியுங்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்குப் போய், அன்றாடம் இன்டென்ட் எழுதுபவரிடம் கொடுங்கள். நீங்கள் எதுவும் விளக்காமல், சென்ற வாரம் வந்த ஒரு சரக்கின் கதையை அவரே தொடக்கத்திலிருந்து விரலால் தொட்டுச் சொல்லட்டும். விரல் நிற்கும் இடங்களையும், ‘இப்படி நடப்பதில்லையே’ என்று அவர் சொல்லும் இடங்களையும் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு வந்து, அன்றைக்கே கோப்பில் திருத்துங்கள்.